லதா எங்கே போனது?

புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போகும் வீதியில், கற்பிட்டி வீதி பிரியும் இடம் பாலாவிச் சந்தி. ஒரு பக்கம் சீமெந்துத் தொழிற்சாலை, இன்னொரு பக்கம் களப்போரத்து உப்பளங்கள். இந்த வட்டாரத்தில் ஒரு விடயம் தமிழில் தொடங்கி, சிங்களத்தில் பதிலாகி, ஆங்கிலப் படிவமாக முடிவது சாதாரணம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையாகப் புத்தளம் மாவட்டத்தில் குடியேறிய பிறகு, காணி, பிறப்புப் பதிவு, பாடசாலை அனுமதி என்று தமிழில் எழுதவேண்டிய கடிதங்களும் கூடின. ஆகவே இங்குள்ள போட்டோ கொப்பிக் கடை, பாடசாலை, பள்ளிவாசல் அலுவலகம் எதை எடுத்தாலும், கணினிக்குள் பத்துப் பதினைந்து வருடத்துத் தமிழ்க் கோப்புகள் கிடக்கும்.

பழைய கணினியை மாற்றிப் புதியது வாங்கும் நாளில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரே பக்கத்தில் அடங்கியிருந்த விண்ணப்பப்படிவம் இரண்டாம் பக்கத்துக்கு வழிகிறது. கையொப்பக் கோடு தனியே அடுத்த தாளில் போய் நிற்கிறது. வேறொரு கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. “வைரஸ் போல இருக்கு” என்று யாராவது சொல்வார்கள். அநேகமாக வைரஸ் அல்ல. எழுத்துரு இருந்த இடம் மாறியிருக்கிறது, அல்லது அது புதிய கணினிக்கு வரவேயில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன இரண்டும் இரண்டு வேறு நோய்கள்.

யூனிகோட் முறையில் தட்டச்சு செய்த கோப்பில், ‘அ’ என்பதற்கு உலகம் முழுவதும் ஒரே எண்தான். தமிழுக்கென்று தனி வரிசையே 1991இல் வந்த யூனிகோட்டின் முதல் பதிப்பிலிருந்து இருக்கிறது. எழுத்துரு என்பது அந்த எண்ணுக்கு எந்த வடிவத்தை வரையலாம் என்று சொல்லும் கோப்பு மட்டுமே. கேட்ட எழுத்துரு இல்லையென்றால், கணினி தன்னிடம் உள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்து வரைந்துவிடும். வாசகம் அப்படியே இருக்கும். எழுத்தின் அகலமும் வரியின் உயரமும்தான் மாறும். படிவம் அடுத்த பக்கத்துக்கு வழிவது இதனால்.

பாமினி அப்படியல்ல. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் நீண்ட காலம் ஆட்சி செய்த எழுத்துரு அது. இன்றும் பல அச்சகங்களில் அதுதான் ராஜா. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டினால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எம் என்ற எழுத்தின் இடத்தில் ‘அ’ வடிவத்தை வரைந்து வைத்திருப்பதுதான் பாமினியின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. பதிந்திருக்கிற எம்மையும் கேயையும் அப்படியே காட்டும். சிங்களத்தில் எஃப்எம் அபய, டிஎல் மானெல் போன்ற பழைய எழுத்துருக்களின் கதையும் இதேதான். தமிழ்நாட்டில் 1999இல் நடந்த கணினித் தமிழ் மாநாட்டுக்குப் பிறகு டாப், டாம் என்ற குறியேற்றங்கள் அரசுத் தரமாக இருந்து, 2010இல் யூனிகோட்டுக்கும் டேஸ்16க்கும் அரசு மாறியது. இலங்கையில் தமிழுக்கான தரம் எஸ்எல்எஸ் 1326 என்ற இலக்கத்தில் 2008இல் வந்தது. அதுவும் யூனிகோட்டை ஒட்டியதே. தரம் வந்துவிட்டது, ஆனால் பழைய கோப்புகள் தானாக மாறிக்கொள்ளவில்லை.

எனவே கோப்பு குழம்பினால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: தமிழ் தெரிகிறதா, தெரியவில்லையா? அலங்கோலமாகவாவது தமிழ் தெரிந்தால் அது யூனிகோட். விட்டுப்போன எழுத்துருவைக் கொண்டுவந்தால் சரியாகும். தமிழே தெரியாவிட்டால் அது பழைய குறியேற்றம். பாமினியை நிறுவிப் பார்க்கலாம், ஆனால் நிலையான வழி யூனிகோட்டுக்கு மாற்றிவிடுவது. சுரதா என்பவரின் இணைய மாற்றியும், சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வெர்ட்டரும் இதற்காகவே வந்தவை. மூன்று மொழியும் கலந்த கோப்பை முழுதாக அள்ளி மாற்றியில் போடக்கூடாது. நடுவில் உள்ள ஆங்கிலப் பெயரும் பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எழுத்தும் பாமினி என்று நினைக்கப்பட்டு ஏதாவது தமிழ் எழுத்தாகிவிடும்.

இனி லதாவுக்கு வருவோம். விண்டோஸ் 2000 தான் தமிழ் யூனிகோட்டை முதலில் தாங்கிய விண்டோஸ். அதோடு வந்த தமிழ் எழுத்துருவின் பெயர் லதா. விண்டோஸ் 7 உடன் விஜயா வந்தது. சிங்களத்துக்கு விஸ்டாவிலிருந்து இஸ்கோல பொத்த. விண்டோஸ் 8இல் நிர்மலா யூஐ என்ற ஒன்று வந்தது. தமிழ், சிங்களம், தேவநாகரி, மலையாளம் என்று தெற்காசிய எழுத்துகள் பலவற்றையும் ஒரே எழுத்துருவில் அடக்கியது அது. (லதா, விஜயா, நிர்மலா, பாமினி: எழுத்துருவுக்குப் பெண்பிள்ளைகளின் பெயர் வைக்கும் வழக்கம் யார் தொடங்கியதோ.)

2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளிவந்தபோது மைக்ரோசொஃப்ட் எழுத்துருக்களை மறுசீரமைத்தது. அதுவரை எந்த மொழிக்காரர் வாங்கினாலும் எல்லா மொழி எழுத்துருக்களும் வட்டில் இருந்தன. இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான சிறு தொகுதி ஒன்று, மற்றவை மொழிவாரியான விருப்பப் பொதிகள் என்று பிரித்தார்கள். நிர்மலா யூஐ பொதுத் தொகுதியில் தங்கியது. லதாவும் விஜயாவும் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபொன்ட்ஸ்’ என்ற பொதிக்குள் போயின. இஸ்கோல பொத்த ‘சிங்கள சப்ளிமென்டல் ஃபொன்ட்ஸ்’ பொதிக்குள். காரணம் நியாயமானதே. சிறிய வட்டு உள்ள கருவிகளிலும் விண்டோஸ் ஓட வேண்டும். டென்மார்க்கில் இருப்பவருக்கு லதா எதற்கு?

பாலாவியில் இருப்பவருக்கு வேண்டும். கணினியின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் இந்தப் பொதி தானாக இறங்கும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் இங்கே விற்கப்படும் மடிகணினிகள் அநேகமாக ஆங்கில விண்டோஸுடன் வருகின்றன. தட்டச்சு செய்பவர் எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற தனி மென்பொருளை நிறுவிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார். விண்டோஸின் மொழிப் பட்டியலைத் தொடுவதே இல்லை. ஆகவே நாள் முழுக்கத் தமிழில் தட்டும் கணினி, தன் உடைமையாளருக்குத் தமிழ் வேண்டும் என்பதை அறியாமலே இருக்கிறது. லதாவில் வடிவமைத்த படிவத்தை நிர்மலாவில் காட்டுகிறது. இதில் ஒரு குறும்பும் உண்டு: வேர்டின் எழுத்துருப் பெட்டியில் ‘லதா’ என்றே எழுதியிருக்கும், லதா இல்லாவிட்டாலும். அந்தப் பெட்டி காட்டுவது கோப்பு கேட்கும் பெயரை. கணினியில் உண்மையில் எது இருக்கிறது என்பதைச் செட்டிங்ஸில் உள்ள எழுத்துருப் பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

திரும்பப் பெறும் வழி எளிது. செட்டிங்ஸில் ‘ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்ற பகுதியைத் தேடித் திறந்து, புதிய அம்சம் சேர்க்கும் இடத்தில் தமிழ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்தப் பொதி வரும். சிங்களத்துக்கும் அப்படியே. இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், இருமொழிச் சுற்றறிக்கைகள் இரண்டையும் கேட்கும். அல்லது மொழிப் பட்டியலில் ‘தமிழ் (இலங்கை)’ என்பதைச் சேர்த்துவிடலாம். பொதி இணையத்திலிருந்து இறங்குவதால் டேட்டா இணைப்பு வேண்டும். அலுவலகக் கணினி என்றால், விண்டோஸ் அப்டேட்டைத் தலைமை அலுவலகம் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கலாம்; அப்போது பொதி இறங்க மறுக்கும், கணினிப் பிரிவைத்தான் கேட்க வேண்டும். பழைய கணினியிலிருந்து லதா கோப்பைப் பென் டிரைவில் தூக்கிவந்து போடுகிறவர்கள் உண்டு. வேலை செய்யும்தான். ஆனால் லதா மைக்ரோசொஃப்டின் உடைமை, விண்டோஸின் உரிமத்தோடு ஒட்டியது. இலவசமாகவே கிடைக்கும் பொதியை விட்டுவிட்டு அந்த வழியில் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

இரண்டாவது மாற்றம் இன்னும் சத்தமில்லாமல் வந்தது. விண்டோஸில் எழுத்துரு என்றால் சி வட்டில் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபொன்ட்ஸ் கோப்புறைதான் என்று நாம் பழகியிருந்தோம். அதில் போட நிர்வாகி உரிமை வேண்டும். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, நிர்வாகி அல்லாத பயனரும் தனக்கென்று எழுத்துரு நிறுவலாம். அது போய்ச் சேரும் இடம் வேறு: அந்தப் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் லோக்கல், அதற்குள் மைக்ரோசொஃப்ட், அதற்குள் விண்டோஸ், அதற்குள் ஒரு ஃபொன்ட்ஸ். எழுத்துருக் கோப்பைத் திறந்து ‘இன்ஸ்டோல்’ பொத்தானை அழுத்தினால் இப்போது இங்கேதான் போகிறது.

பாடசாலைக் கணினி அறையில் இதன் விளைவைப் பார்க்கலாம். ஆசிரியர் தன் கணக்கில் நுழைந்து பாமினியையும் வேறு சிலவற்றையும் நிறுவுகிறார். அவருக்கு எல்லாம் சரி. மாணவர் கணக்கில் நுழைந்தால் ஒன்றுமில்லை. அச்சகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவும் பழைய ஃபொன்ட்ஸ் கோப்புறையை மட்டுமே பார்க்கும். பயனரின் கோப்புறை ஒன்று இருப்பது அவற்றுக்குத் தெரியாது. எழுத்துருக் கோப்பின்மேல் வலது சொடுக்கி ‘எல்லாப் பயனருக்கும் நிறுவு’ என்ற பொருள்படும் தெரிவை எடுத்தால் பழைய இடத்துக்கே போகும். ஒரே கணினியைப் பலர் பாவிக்கும் இடங்களில் எப்போதும் இதையே செய்யுங்கள்.

மெக் கணினியிலும் 2019இன் கட்டலினா பதிப்பில் இப்படி ஒரு குடிபெயர்வு நடந்தது. அதுவரை பொது நூலகக் கோப்புறையில் இருந்த எழுத்துருக்கள் பல, பயனர் தொட முடியாத சிஸ்டம் கோப்புறையில் ‘சப்ளிமென்டல்’ என்ற உட்பிரிவுக்குப் போயின. தமிழ் எம்என், தமிழ் சங்கம் எம்என் ஆகியவை இருப்பது அங்கேதான். பெயரைச் சொல்லி எழுத்துரு கேட்கும் மென்பொருளுக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. முழு முகவரியையும் எழுதி வைத்துக்கொண்டு கேட்டவைதான் தடுமாறின.

லினக்ஸ் பக்கம் இந்த விடயம் மிகச் சுவையானது. அங்கே மறுசீரமைப்பு எல்லாம் திறந்த வெளியில், காரணம் சொல்லி நடப்பதால் நமக்கும் விளங்கிக்கொள்ள முடிகிறது. பழைய கணினிக்கு உபுண்டு போட்டு உயிர் கொடுக்கிறவர்கள் இப்போது நம் ஊர்ப்பக்கமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

ஒரு காலத்தில் லினக்ஸில் திரைக்கு ஓர் எழுத்துருக் கோப்புறை, அச்சுக்கு இன்னொன்று, அலுவலக மென்பொருளுக்கு மற்றொன்று என்று இருந்தது. ஒரே தமிழ் எழுத்துருவை மூன்று இடத்தில் போட வேண்டும். ஓரிடத்தில் மறந்தால் திரையில் தெரியும், தாளில் வராது. 2000களின் தொடக்கத்தில் கீத் பக்கார்ட் என்பவர் ஃபொன்ட்கன்ஃபிக் என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். எந்த மென்பொருளும் எழுத்துருவைத் தானே தேடக்கூடாது. “தமிழுக்கு ஓர் எழுத்துரு கொடு” என்று ஃபொன்ட்கன்ஃபிக்கிடம் கேட்க வேண்டும். அது சில குறித்த கோப்புறைகளைப் பார்வையிட்டு ஓர் இடாப்பு வைத்திருக்கும். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் இடாப்பில் பெயர் இல்லாவிட்டால் வரவு விழாது, எழுத்துருவும் அப்படித்தான். புதிய கோப்பைக் கோப்புறையில் போட்ட பின் எஃப்சி-கேஷ் என்ற கட்டளை இடாப்பைப் புதுப்பிக்கிறது. எஃப்சி-லிஸ்ட் இடாப்பை வாசித்துக் காட்டுகிறது. எனக்கு மிகப் பிடித்தது எஃப்சி-மேட்ச்: ‘லதா’ என்று கேட்டால், லதா இல்லாத கணினியில் அதற்குப் பதிலாக யாரை அனுப்பப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். விண்டோஸ் இதை நேராகச் சொல்வதில்லை.

அந்தக் கோப்புறைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் ஷேர், அதற்குள் ஃபொன்ட்ஸ்: இது பொதிகளுக்கே உரியது. யூஎஸ்ஆருக்குள் லோக்கல், ஷேர், ஃபொன்ட்ஸ்: இது கணினியின் நிர்வாகி கையால் போடுகிறவற்றுக்கு. பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் டொட் லோக்கலின் கீழ் ஷேர், ஃபொன்ட்ஸ்: இது அவருக்கு மட்டும். முன்பு வீட்டுக் கோப்புறையில் டொட் ஃபொன்ட்ஸ் என்ற பெயரில் இருந்தது இதுதான். வீட்டை மறைகோப்புறைகளால் நிரப்பாமல் ஓரிடத்தில் அடக்க வேண்டும் என்று பின்னர் இங்கே நகர்த்தினார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் இன்னும் டொட் ஃபொன்ட்ஸையே சொல்லும். பொதிகளின் கோப்புறையில் கையால் எதையும் போடாதீர்கள். அந்த இடத்தைக் கவனிப்பது பொதி மேலாளர். அவர் வைக்காத கோப்பை அவர் புதுப்பிக்கவும் மாட்டார், நீக்கவும் மாட்டார். 2006இல் யாரோ போட்ட பழுதான தமிழ் எழுத்துரு இன்றும் முன்னால் வந்து நிற்பது அப்படித்தான்.

பொதிகளின் பெயர் மாறிய கதையும் உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், அதன் வழியே உபுண்டுவிலும், எழுத்துருப் பொதிகளின் பெயர்கள் டிடிஎஃப் என்று தொடங்கின. அது ட்ரூடைப் என்ற கோப்பு வகையின் சுருக்கம். ஓப்பன்டைப் கோப்புகளும் வரத் தொடங்கியதும் அந்த முன்னொட்டு பொய்யாகிவிட்டது. 2013இல் வெளிவந்த டெபியன் 7க்கான தயாரிப்பில் பெரும்பாலானவற்றை ‘ஃபொன்ட்ஸ்’ என்ற முன்னொட்டுக்கு மாற்றினார்கள். தமிழ்ப் பொதியின் புதிய பெயர் ஃபொன்ட்ஸ்-டாம்ல். டாம்ல் என்பது ஐஎஸ்ஓ 15924 தரத்தில் தமிழ் எழுத்துமுறைக்கான நான்கெழுத்துக் குறி. அந்தப் பொதிக்குள் எழுத்துரு எதுவும் கிடையாது. மற்றத் தமிழ் எழுத்துருப் பொதிகளை இழுத்து வருவது மட்டுமே அதன் தொழில். ரெட் ஹட் நிறுவனம் வெளியிட்ட லோகித் தமிழ் அதன் வழியாக வருவதே.

பாலாவிக்காரர் ஒருவர் டெபியன் நிறுவும்போது இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஃபொன்ட்ஸ்-இன்டிக் என்ற பெரும்பொதியை எடுத்தால் தமிழ், மலையாளம், தெலுங்கு, வங்காளம் எல்லாம் வரும், சிங்களம் வராது. அது இந்தியப் பட்டியல். சிங்களத்துக்கு லங்கா லினக்ஸ் பயனர் குழுவின் எழுத்துரு, எல்கேஎல்யுஜி-சிங்கள என்ற பெயரில் தனிப் பொதியாக இருக்கிறது. இரண்டையும் ஒரே பொதியில் தரும் ஓர் ‘இலங்கை’ பொதி இருந்தால் எவ்வளவு வசதி என்று எனக்குத் தோன்றும்.

கூகுளின் நோட்டோ குடும்பம் வந்த பிறகு எதிர்த்திசையில் ஒரு சிக்கல். உலகின் எழுத்துமுறைகள் எல்லாவற்றுக்கும் எழுத்துரு தரும் முயற்சி அது. டெபியனில் நோட்டோவின் மையப் பொதியை நிறுவினால் தமிழும் சிங்களமும் சேர்ந்தே கிடைக்கும், ஆனால் கூடவே யாரும் இன்று எழுதாத பண்டைய எழுத்துகளும் வரும். அலுவலக மென்பொருளில் எழுத்துருப் பட்டியலை இழுத்தால் நோட்டோ, நோட்டோ, நோட்டோ என்று போய்க்கொண்டே இருக்கும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் தனித்தனிப் பொதி. பட்டியல் சுத்தமாக இருக்கும், ஆனால் எது வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வட்டில் இடம் இருந்தால் நான் டெபியன் வழியையே எடுப்பேன். ஒரு பட்டியல் நீளமாவது பெரிய துன்பமல்ல.

நோட்டோவின் மையப் பொதிக்குள் இருக்கும் ஒன்றைப் பழைய காணி உறுதிகளோடு வேலை செய்கிறவர்கள் கவனிக்கலாம். தமிழின் பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 2019இன் யூனிகோட் 12இல் ‘தமிழ் சப்ளிமென்ட்’ என்ற தனி வரிசையாக, 51 குறிகளுடன் சேர்ந்தன. லதா காலத்து எழுத்துருவில் அவை இருக்க நியாயமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற எழுத்துருவில் இருக்கின்றன.

படிவங்களை உருவாக்குகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். நிரப்பித் திருப்பி அனுப்பவேண்டிய கோப்பென்றால் விண்டோஸ் 8 முதல் எல்லா விண்டோஸ் கணினியிலும் இருக்கும் நிர்மலா யூஐயிலோ, எங்கும் நிறுவ உரிமம் உள்ள நோட்டோவிலோ வடிவமையுங்கள். வாசிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்குங்கள். பிடிஎஃப் தனக்கு வேண்டிய எழுத்துருவைத் தன்னோடே கொண்டுபோகும். பள்ளிவாசல் அறிவித்தலைப் பாமினியில் தட்டி வேர்ட் கோப்பாகவே வட்ஸ்அப்பில் அனுப்பினால், பெறுகிறவரின் கைபேசியில் அது அநேகமாகத் தமிழாகாது. கைபேசியின் எழுத்துருக் கோப்புறை பொதுவாகப் பூட்டியே இருக்கிறது. அங்கே பாமினியைக் கொண்டுபோய் வைக்க எளிய வழியில்லை.

புதிய கணினிக்கு மாறுகிறவர்கள், பழையதை விற்கும் முன் செய்யவேண்டியது இது. வாங்கிய, தரவிறக்கிய எழுத்துருக்களை இரண்டு இடத்திலும் தேடுங்கள்: விண்டோஸின் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலும், ஒவ்வொரு பயனரின் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸிலும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் கோப்புறை. எக்ஸ்புளோரரின் வியூ பட்டியலில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். ‘டொக்யுமென்ட்ஸ்’ கோப்புறையை மட்டும் பிரதி எடுக்கிறவர்கள் இழப்பது பெரும்பாலும் இதைத்தான்.